நீல டப்பில் ஒரு காலி பாட்டில்

என் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது முதல் வலிப்பு வந்தது. செம்மண்டலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலில் இருந்த நேரம். என் மடியில் இருந்தவள் விறைத்தாள். கண்கள் மேலே சொருகின. யாரோ ஓடிவந்து ஆலயக் கதவின் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாவிக்கொத்து அவள் விரல்களிலிருந்து நழுவிவிடாதபடி என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்தது எதையும் தெரியாமல் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

அது 2006. நரம்பியல் டாக்டர் சிதம்பரத்தில் இருந்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். காலை ஐந்து மில்லி, இரவு ஐந்து மில்லி.

“குறைஞ்சது மூணு வருஷம் குடுக்கணும். ஒரு வேளகூட விடக்கூடாது. நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்துனீங்கன்னா ஜாஸ்தியா திரும்ப வரும்” என்றார்.

எனக்கு எதையும் ஒருமுறை செய்தால் போதாது. கேஸ் குழாயை மூடிவிட்டு, வெளியே வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மருந்து கொடுத்தேனா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அவ்வளவுதான், அன்றைய பொழுது போச்சு. அதனால் சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதியின் கட்டத்திலும் காலைக்கு ஒரு டிக், இரவுக்கு ஒரு டிக் போட ஆரம்பித்தேன். என் கணவர் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எதையும் கிண்டலாகத்தான் பேசுவார். “டீச்சரம்மா அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆபீஸ் கிளம்புவார்.

மாதம் ஒரு சனிக்கிழமை மகளுடன் சிதம்பரம் பஸ் ஏறுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வரைக்கும் ஜன்னல் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பாள். அப்புறம் என் தோளில் தூங்கிவிடுவாள். என் கணவரின் தங்கை சிதம்பரத்தில்தான் இருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு அவள் வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவது வழக்கம்.

“டாக்டரப் பாத்துட்டு சும்மாதான ஊருக்குப் போறீங்க அண்ணி. ஒரு மணி நேரம் எங்க ஜெபத்துல உக்காந்துட்டுப் போங்களேன்” என்றாள் ஒருநாள்.

போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரு மாடி. ஐம்பது, அறுபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சபையில் மகளுக்கு வலிப்பு வந்த பிறகு, எங்கள் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, இடம் மட்டும் மாறினார்கள். இந்த மாடியில் முன்பின் தெரியாத பெண்கள் என் மகளை மடியிலிருந்து மடிக்கு வாங்கி முத்தம் கொடுத்தார்கள். நடத்துகிறவரை எல்லோரும் ஐயா என்றார்கள். நாற்பது வயது இருக்கும். மெதுவான குரல். என் மகளின் தலையில் கை வைத்து ஜெபித்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

மேடைக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் டப் இருந்தது. துணி ஊறவைப்போமே, அந்த மாதிரி. அதில் மாத்திரை அட்டைகள், மருந்து பாட்டில்கள், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற குழல், ஒரு மூக்குக்கண்ணாடி. சுகம் பெற்றவர்கள் தங்கள் மருந்தைக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் விசுவாசத்தின் அடையாளம்.

“மருந்து சாப்புடுறது பாவம்னு நான் சொல்லல. ஆனா கர்த்தர் குணமாக்கிட்டேன்னு சொன்ன பெறகும் மருந்து குடிச்சா, அது அவரப் பொய்யர்னு சொல்ற மாதிரி” என்றார் ஐயா.

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது இதில் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றியது. மறுபடி, இடிப்பது என் அவிசுவாசமாக இருக்குமோ என்றும் தோன்றியது.

மூன்றாவது முறை போனபோது ஐயா மகளின் நெற்றியில் எண்ணெய் தடவிவிட்டு, “இந்தப் பிள்ளையக் கர்த்தர் தொட்டுட்டார்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் என் பையைப் பார்த்தாள். பையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று மருந்துக் கடையில் காட்டுவதற்காக நான் கொண்டுவந்த தீர்ந்துபோன பாட்டில். மற்றது அன்று வாங்கிய புதுசு. இரண்டும் பழுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. நான் எழுந்துபோய்க் காலி பாட்டிலை டப்பில் வைத்தேன். அது சத்தம் போடாமல் இருக்க மாத்திரை அட்டைகளின் மேல் பார்த்து வைத்தேன். பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அன்று இரவும் காலண்டரில் டிக் போட்டேன்.

இரண்டு பக்கமும் சமாளித்துவிட்டோம் என்று முதலில் ஒரு நிம்மதி. அது நிலைக்கவில்லை. மூடியில் சிரப்பை ஊற்றும் ஒவ்வொரு வேளையும் நான் கர்த்தரைப் பொய்யராக்குகிறேனா என்று தோன்றும். ஊற்றாமல் விடவும் தைரியமில்லை. நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன். முதல் நான்கு மாதத்தில் ஏழு முறை வலிப்பு வந்த பிள்ளைக்கு, அதன் பிறகு எட்டு மாதம் எதுவும் வரவில்லை.

சாட்சி சொல்லும் பழக்கம் எங்கள் பழைய சபையில் அதிகம் கிடையாது. அந்த மாடியில் அது இல்லாமல் கூட்டமே இல்லை. நடந்ததை எழுந்து நின்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். பெற்ற சுகத்தைச் சாட்சியாகச் சொல்லாவிட்டால் அது நிற்காமல் போய்விடும் என்பார் ஐயா. அந்த ஒரு பயம் போதுமாயிருந்தது எனக்கு. கூப்பிட்டதும் போய் மைக்கைப் பிடித்தேன்.

“எத்தன தடவ வந்துச்சும்மா?”

“நாலு மாசத்துல ஏழு தடவ ஐயா.”

“இப்ப?”

“எட்டு மாசமா ஒண்ணும் இல்ல.”

கைதட்டினார்கள். ஐயா கையமர்த்தினார். “மருந்து?”

நான் டப்பைப் பார்த்தேன். “அங்க வச்சிட்டேன் ஐயா.”

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. வேண்டுமானால் பிரித்துப் பிரித்துச் சோதித்துக்கொள்ளலாம். சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய்.

கீழே படியிறங்கும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குடியிருப்பிலிருந்து வருவதாகச் சொன்னார். இந்துக் குடும்பம். யாரோ சொல்லி மூன்று வாரமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

“எம் பொண்ணுக்கும் இதேதாம்மா. ஆறு வயசு. ஜி.ஹெச்சுல மாத்திர குடுக்குறாங்க. எந்நேரமும் தூங்கிக்கினே கெடக்கா. மாத்திரய நிறுத்துன பெறகும் உங்க பொண்ணுக்கு ஒண்ணும் வரலியா?”

பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையை அழுத்தி, “ஜெபம் பண்ணுங்கக்கா” என்றேன்.

“செய்றேம்மா. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்றீங்க” என்றார்.

பஸ்ஸில் என் மகள் வழக்கம்போலத் தூங்கிவிட்டாள். புதுச்சத்திரம் வந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நாத்தனார் ஒரு சி.டி.யோடு வந்தாள். சாட்சிகளை எல்லாம் பதிவுசெய்து கொடுக்கிறார்களாம். என் கணவர் டி.வி.யில் போட்டுவிட்டார். திரையில் நான் வந்தேன். தலையில் முக்காடு, கையில் மைக். “அங்க வச்சிட்டேன் ஐயா” என்றேன்.

என் கணவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். “நேத்து நான் மெடிக்கல்ல வாங்கிட்டு வந்தது யாருக்கு? எனக்கா?”

நாத்தனார் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அண்ணி, அப்போ டப்புல வச்சது?”

“காலி பாட்டில்.”

“காலி பாட்டிலா?”

“ஆமா.”

“எங்க வூட்டுக்காரர்கூட இவ்ளோ நேக்கா பொய் சொல்ல மாட்டாரு அண்ணி” என்றாள். சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொல்லாதீங்க. உங்க சாட்சியக் கேட்டு அந்த வாரமே மூணு பேரு மருந்தக் கொண்டாந்து வச்சிருக்காங்க. அந்தக் கடக்கர அக்காகூடப் பொண்ணோட மாத்திரய வச்சிட்டாங்க. இப்பப் போயி இல்லன்னா எத்தன பேரு விசுவாசம் கெடும்?”

டாக்டர் சொன்ன வார்த்தைதான் காதில் விழுந்தது. ஜாஸ்தியா திரும்ப வரும். மூன்று வாரம் ஆகிவிட்டது.

அடுத்த நாள் மதியம் மகள் தூங்கியதும் வேதத்தை எடுத்து உட்கார்ந்தேன். எனக்குச் சாதகமாக ஏதாவது வேண்டும் என்றுதான் எடுத்தேன். தேடியதில் கிடைத்தவை வேறு. அப்போஸ்தலர் ஓர் இளைய ஊழியருக்கு எழுதும்போது, வயிற்றுக் கோளாறுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். இன்னொரு இடத்தில், தன்னோடு ஊழியம் செய்தவரை நோயாளியாக ஓர் ஊரில் விட்டுவிட்டு வந்ததாக ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார். அந்த மனிதருக்கு விசுவாசம் போதவில்லை என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. இந்த வரிகளை அந்த மாடியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்த தகப்பனின் கதையும் படித்தேன். நம்பிக்கை பாதி, பயம் பாதியாக வந்தவர். அவரிடம் அடையாளம் எதுவும் கேட்கப்படவில்லை. பிள்ளை மட்டும் குணமானான்.

இதெல்லாம் ஐயாவின் போதனை பிசகு என்பதற்கு எனக்குக் கிடைத்த ஆதாரங்கள். கொஞ்ச நேரம் எனக்கு அது தெம்பாகக்கூட இருந்தது. அப்போதுதான் சின்ன வயதில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஞாயிறு பள்ளியில் விரல்விட்டு எண்ணிப் படித்த பத்துக் கட்டளைகள் நினைவுக்கு வந்தன. ஒன்பதாவது விரல், பொய்ச்சாட்சி. அவர் வேதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு பேசினார். நான் சரியாகப் புரிந்துகொண்டே மீறியிருந்தேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்பாகவே போய் ஐயாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“உன் பிள்ளை நல்லாயிருக்காம்மா. அது பொய்யா?”

“இல்ல ஐயா.”

“அப்போ கர்த்தர் செஞ்சது பொய்யில்ல. நீ பயந்துட்ட. பலவீனமானவங்களுக்கும் அவர் எறங்குவார். வீட்ல அமைதியா குடு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எல்லார் முன்னாடியும் அதச் சொல்லாத.”

ஒரு நிமிடம் அந்த வாசல் எனக்குத் திறந்தே இருந்தது. மருந்தும் கொடுக்கலாம், பெயரும் கெடாது, இந்தப் பெண்களின் மடியும் மகளுக்குக் கிடைக்கும்.

“அந்தக் கடக்கர அக்கா பொண்ணு ஐயா?” என்றேன்.

“நான் உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன்” என்றார். இருக்கத்தான் செய்வார், அது எனக்குத் தெரியும்.

சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமல் எழுந்தேன். மைக் தரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, “என் பொண்ணு மருந்த நிறுத்தல. ஒரு நாள்கூட நிறுத்தல. டப்புல வச்சது காலி பாட்டில்” என்றேன். என் குரல் வகுப்பறைக் குரல்தான். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே கீபோர்டில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. முன் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தேடிய முகம் அன்று வரவே இல்லை.

அங்கிருந்து மகளோடு பஸ் ஏறி நேராகப் புதுச்சத்திரத்தில் இறங்கினேன். கைப்பையில் சமையலறைக் காலண்டர் சுருட்டி இருந்தது. ஷேர் ஆட்டோவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த ஒரே மாதிரியான வீடுகள் இருந்த இடம் வரை போய், வலிப்பு வருகிற பிள்ளை இருக்கும் வீடு எது என்று விசாரித்தேன். உடனே காட்டினார்கள். எங்கேயும் அப்படித்தான் அடையாளம்.

அந்தப் பெண் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்தார். உள்ளே அவர் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு.

“குழம்பு கொதிக்கிறப்போ வந்துடிச்சி. அடுப்பு மேலயே வுழுந்துட்டா” என்றார். “இந்த வாரத்துல மட்டும் மூணு தடவ. நான் ஜெபம் பண்ணிக்கினேதாம்மா இருக்கேன். எங்க எது கொறையுதுன்னு தெரியல.”

தன்மேல் குறை தேடிக்கொண்டிருந்தார். நான் காலண்டரைப் பிரித்துத் தரையில் வைத்தேன். மாதம் மாதமாகத் திருப்பினேன்.

“இது என்னாம்மா?”

“எம் பொண்ணுக்கு மருந்து குடுத்த கணக்குக்கா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் நிறுத்தவே இல்ல. அன்னைக்கு அங்க சொன்னது பொய்.”

அவர் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் செதில் ஒட்டிய விரலை ஒரு டிக்கின் மேல் வைத்தார், அடுத்ததன் மேல் வைத்தார். வாசலில் என் மகள் ஒரு பூனைக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் மகளை.

“அப்போ எங்கிட்ட ஜெபம் பண்ணுன்னு ஏன் சொன்ன?”

அதுவரை நீங்கள் என்று பேசியவர். நாத்தனார் பக்கத்தில் நின்றாள் என்பது ஒரு பதிலா?

“படிச்சவன்னுதான நம்புனேன். அந்தாளு சொன்னப்பகூட நான் வைக்கல. நீ சொன்னதும்தான் வச்சேன்.”

“மாத்திர சீட்டு இருக்காக்கா?” என்றேன். அழுதால் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன். சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. திங்கட்கிழமை கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போனோம். டாக்டர், “ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டியதை வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். இந்த முறை பாட்டு எதுவும் குறுக்கே வரவில்லை.

அதன் பிறகு அந்த மாடிக்கு நான் போகவில்லை. நாத்தனார் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பழைய சபைக்குத் திரும்பினோம். பெஞ்சில் இன்னமும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். என் மகளுக்கு 2010இல் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மருந்தை நிறுத்தினார். நன்றி ஆராதனையில் ஏதாவது சொல்கிறீர்களா என்று போதகர் கேட்டபோது, மருந்தின் பெயர், அளவு, எத்தனை வருடம், எந்த ஊர் டாக்டர் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி வாசித்தேன். ஜெபித்தோம் என்றும் வாசித்தேன். சாட்சி மாதிரி இல்லை, ரிப்போர்ட் மாதிரி இருந்தது என்றார் என் கணவர். எனக்கு அதுதான் முடிந்தது. கர்த்தர் எதன் வழியாகக் குணமாக்கினார் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்ததில் எதையும் விடவில்லை, அவ்வளவுதான்.

கடற்கரைப் பெண்ணின் மகளுக்கு இன்னும் மருந்து நிற்கவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறது. நான் நிறுத்த வைத்த அந்த ஒரு மாதத்தால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். அது இல்லை என்பதா, தெரியாது என்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கையில் தழும்பு இருக்கிறது, அதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

மருந்து மாறும்போதெல்லாம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செம்மண்டலத்துக்கு வருவார். போன மாதமும் மகளோடு வந்திருந்தார். மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள், இங்கிலீஷ் எழுத்து நன்றாகவே தெரியும். ஆனாலும் சீட்டை என்னிடம்தான் நீட்டினார்.

“படி.”

படித்தேன். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. அவர் மகள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு வரியாகத் தன் விரலை இறக்கிக்கொண்டே வந்தாள்.

“எதுவும் வுடலியே?” என்றார் அவள் அம்மா.

“இல்லக்கா.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

“இன்னொரு தடவ படி” என்றார். படித்தேன்.